மூன்றாம் நிலையில் நீக்கப்பட்ட ஆலை மீண்டும் பட்டியலுக்குள் வருமா?

கேள்வியின் சுருக்கம் இது. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். அவருடைய சித்தப்பா சில ஆண்டுகளுக்கு முன் வங்கதேசத்தின் காஜிபூரில் ஆறு மாடித் தையல் ஆலை ஒன்றில் பங்கு வாங்கினார். அங்கே ஆயத்த ஆடை ஆலைகளின் கட்டடப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் ஆர்.எஸ்.சி. என்ற அமைப்பு அந்த ஆலையை மூன்றாம் நிலைக்கு, அதாவது கடைசி நடவடிக்கைக்குக் கொண்டுபோய், தன் பட்டியலிலிருந்து நீக்கி, தகுதியிழந்ததாக அறிவித்துவிட்டது. ஐரோப்பிய பையர்கள், அதாவது சரக்கு வாங்கும் நிறுவனத்தார், ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். "மறுபடியும் உள்ளே வர வழி இருக்கிறதா அண்ணா? யாரைப் பார்க்க வேண்டும்? எத்தனை மாதமாகும்? அதுவரை பக்கத்து ஆலையில் கொடுத்துத் தைத்து அனுப்பலாமா?" என்று கேட்கிறார். கடிதத்தின் நடுவே இன்னொரு வரியும் இருக்கிறது. தரைத்தளத்தில் ஒரு தூணில் விரிசல் தெரிந்ததாகவும், ஆய்வுக்கு ஆள் வருவதற்கு முன் அதைச் சிமெண்டு வைத்துப் பூசி வர்ணம் அடித்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறார்.

தம்பி, வழி இருக்கிறது. நீக்கப்பட்ட ஆலைகள் குறைகளைச் சரிசெய்து திரும்ப வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் நடுவில் போகிற போக்கில் எழுதிய அந்தத் தூணிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் நாள் இருக்கிறது, அதற்கு இல்லை. இதைப் படித்து முடித்த உடனே அங்குள்ள மேலாளரைக் கூப்பிட்டு, அந்தத் தூணுக்கு நேர்மேலே எல்லா மாடிகளிலும் அடுக்கியிருக்கும் துணி ரோல்களையும் அட்டைப்பெட்டிகளையும் இறக்கச் சொல்லுங்கள். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி அந்தப் பக்கம் இருந்தால் காலி செய்யச் சொல்லுங்கள். அந்தப் பகுதியில் ஆட்களை உட்கார வைக்க வேண்டாம். பிறகு பூச்சை முழுவதும் கொத்தி எடுத்து, விரிசல் பூச்சோடு நின்றதா, கான்கிரீட்டுக்குள்ளும் போயிருக்கிறதா என்று கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்க்கட்டும். உள்ளே போயிருக்கிறது என்று அவர் சொன்னால், அன்றைக்கே கட்டடத்தைக் காலி செய்ய வேண்டும். இதில் தயக்கமே கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு அந்த ஊரின் கதை தெரிய வேண்டும். 2013 ஏப்ரல் 23ஆம் தேதி டாக்காவுக்கு அருகே சாவரில் ராணா பிளாசா என்ற கட்டடத்தின் தூண்களில் விரிசல் தெரிந்தது. பார்த்த பொறியாளர் கட்டடம் ஆபத்தானது என்று சொன்னார். கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மேலே இருந்த தையல் ஆலைகள் மட்டும் மறுநாள் காலை தொழிலாளர்களை வேலைக்கு வரச் சொல்லின. காலை ஒன்பது மணிக்குச் சற்று முன் மின்சாரம் போனது. மேல்மாடிகளில் வைத்திருந்த பெரிய ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. கட்டடம் அப்படியே அமர்ந்துவிட்டது. 1,134 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 2,500 பேர் காயமடைந்தார்கள். குளத்தை மூடிய நிலத்தில், கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் என்று கட்டப்பட்ட கட்டடம் அது. மேல்மாடிகள் அனுமதியில்லாமல் எழுப்பப்பட்டவை. அதற்கு ஐந்து மாதம் முன்பு, 2012 நவம்பரில், ஆசுலியாவில் தஸ்ரீன் ஆலை எரிந்து நூறு பேருக்கு மேல் மாண்டிருந்தார்கள். 2005இல் இதே சாவரில் ஸ்பெக்ட்ரம் என்ற ஸ்வெட்டர் ஆலை இடிந்து 64 பேர் இறந்ததையும் அங்குள்ளவர்கள் மறக்கவில்லை. விரிசலைப் பூசி மறைத்த தூண் என்று கேட்டவுடன் அந்த ஊர்ப் பொறியாளர் மனதில் எது ஓடும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ராணா பிளாசா இடிந்த அடுத்த மாதமே, உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் ஆடை பிராண்டுகளும் சேர்ந்து சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதுதான் அக்கார்டு. அதன் கீழ் 1,600க்கும் மேற்பட்ட ஆலைகள் ஆய்வுக்கு உட்பட்டன. 2020 ஜூன் முதல் அந்த வேலையை வங்கதேசத்திலேயே பதிவான ஆர்.எஸ்.சி. ஏற்றுக்கொண்டது. அதன் ஆட்சிக் குழுவில் பிராண்டுகள், ஆலை உரிமையாளர் சங்கங்கள், தொழிற்சங்கங்கள் என்று மூன்று தரப்பும் உட்கார்ந்திருக்கின்றன. "யாரைப் பார்க்க வேண்டும்" என்ற உங்கள் கேள்விக்கு இதுவே பதில். ஒருவர் மனது வைத்து எடுத்துவிடக்கூடிய தடை அல்ல இது. தரகர் எவராவது "நான் பேசி முடித்துத் தருகிறேன்" என்று வந்தால் பணமும் போகும், மிச்சமிருக்கும் மரியாதையும் போகும்.

அமைப்பு இயங்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஆலை தானாக விண்ணப்பித்து உறுப்பினராவதில்லை. ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு பிராண்டு "இந்த ஆலையில் எனக்குச் சரக்கு ஆகிறது" என்று அறிவிக்கும்போதுதான் அது பட்டியலுக்குள் வருகிறது. பிறகு கட்டமைப்பு, தீ, மின்சாரம் என மூன்று துறைப் பொறியாளர்களும் தனித்தனியே ஆய்வு செய்கிறார்கள். பாய்லர் ஆய்வு பின்னால் சேர்ந்தது. குறைகள் ஒவ்வொன்றும் எண்ணிட்டு, கெடு குறித்து, திருத்தத் திட்டம் என்ற அட்டவணையில் ஏறுகின்றன. கட்டமைப்புக் குறைகளுக்கு "உடனே", "ஆறு வாரம்", "ஆறு மாதம்" என்று கெடு இருக்கும். கெடு தாண்டியும் வேலை நகராவிட்டால் முதல் நிலை அறிவிப்பு வரும். அதற்கும் அசையாவிட்டால் இரண்டாம் நிலையில் எச்சரிக்கைக் கடிதம். மூன்றாம் நிலையில் எல்லா பிராண்டுகளும் அந்த ஆலையோடு வணிகத்தை முறித்துக்கொள்ள வேண்டும். ஆகவே உங்கள் சித்தப்பாவுக்கு இது திடீரென்று வந்த இடி அல்ல. முன்பே இரண்டு முறை கதவைத் தட்டியிருக்கிறார்கள். அந்த இரண்டு கடிதங்களும் அலுவலகத்தில் எந்த ஃபைலில் இருக்கின்றன என்று முதலில் தேடி எடுங்கள்.

எடுத்து, நீக்கத்துக்கான காரணத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள். கட்டடம் பலவீனமாக இருந்தது என்பதற்காக மட்டும் ஆலைகள் நீக்கப்படுவதில்லை. பலவீனமான கட்டடங்களைச் சரிசெய்வதற்காகத்தான் அந்த அமைப்பே இருக்கிறது. ஆய்வாளரை உள்ளே விடாதது, சொன்ன தேதிக்கு வரைபடம் தராதது, சொல்லாமல் வேறு கட்டடத்துக்கு மாறியது, பாதுகாப்புக் குறையைப் புகாராகச் சொன்ன தொழிலாளியை வேலையை விட்டு நிறுத்தியது போன்ற காரணங்களும் ஆலையை மூன்றாம் நிலைக்குத் தள்ளும். காரணம் தூணாக இருந்தால் திருத்தம் தூணில். காரணம் நடத்தையாக இருந்தால் கோடி ரூபாய் செலவழித்துத் தூணைக் கட்டியும் பயனில்லை, நிறுத்தப்பட்ட அந்தத் தொழிலாளியை மறுபடி வேலைக்கு எடுத்த பிறகுதான் பேச்சே தொடங்கும். பிறகு ஆர்.எஸ்.சி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் வாதம் வேண்டாம். குறைகளை ஏற்கிறோம், மீண்டும் தகுதி பெற விரும்புகிறோம், நிலுவையில் உள்ள பணிகள் எவை, இப்போது நடப்பிலுள்ள மறுதகுதி விதிமுறையும் கட்டணமும் காலவரம்பும் என்ன என்று எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். பூசி மறைத்த தூணைப் பற்றி நீங்களே அதில் சொல்லிவிடுங்கள். கசப்பாக இருக்கும். ஆனால் பின்னால் அவர்கள் கண்டுபிடிப்பதைவிட இப்போது நீங்கள் சொல்வது ஆயிரம் மடங்கு மேல்.

அடுத்தது விரிவான பொறியியல் மதிப்பீடு, அங்கே எல்லாரும் டி.இ.ஏ. என்பார்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். நான் பெருந்துறையில் பிறந்து, கோயம்புத்தூரில் படித்துவிட்டு, காஜிபூர்ப் பக்கம் திருத்தப் பணிகளில் சில ஆண்டுகள் இருந்தவன். முதன்முதலில் அங்கே ஒரு தூணிலிருந்து துளையிட்டு எடுத்த கான்கிரீட் உருளையைக் கையில் வாங்கியபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. நம் ஊரில் அப்படி எடுத்தால் சாம்பல் நிறத்தில் கருங்கல் ஜல்லி பளபளக்கும். அதிலோ சிவப்புச் சிவப்பாகச் செங்கல் துண்டுகள். மொட்டைமாடியில் சுண்ணாம்போடு சேர்த்துச் செங்கல் ஜல்லி போடுவோமே, அதே ஜல்லி அங்கே தூணுக்குள் இருந்தது. வங்கதேசம் ஆற்று வண்டல் படிந்த பூமி. மலையும் பாறையும் அரிது. ஆகையால் சுட்ட செங்கல்லை உடைத்து ஜல்லியாக்குவது அங்கே நெடுநாள் வழக்கம். அதில் ஒழுங்காகக் கட்டினால் கட்டடம் நிற்கும், நின்றுகொண்டும் இருக்கிறது. ஆனால் செங்கல்லின் தரமும் கலவையில் ஊற்றிய தண்ணீரின் அளவும் மாறினால் வலிமை வெகுவாக இறங்கிவிடும். அதனால்தான் "எங்கள் கான்கிரீட் நல்ல கான்கிரீட்" என்ற உரிமையாளர் வாக்கை அவர்கள் ஏற்பதில்லை. துளையிட்டு எடுத்து, நசுக்கிப் பார்த்த எண்ணைத்தான் ஏற்கிறார்கள். கூடவே ஃபெரோஸ்கேன் கருவியால் தூணுக்குள் எத்தனை கம்பி, எவ்வளவு இடைவெளியில் இருக்கிறது என்று படம் எடுப்பார்கள். உங்களிடம் உள்ள வரைபடத்தில் எட்டுக் கம்பி இருக்கும், தூணில் ஆறுதான் இருக்கும். அப்படிப்பட்ட ஆலைகளைப் பார்த்திருக்கிறேன். ஆறுதான் இருக்கிறது என்றால் ஆறு என்றே வரைந்து கொடுங்கள்.

இந்த மதிப்பீட்டை மலிவான ஆளிடம் கொடுத்துவிடாதீர்கள். அறிக்கையை ஆர்.எஸ்.சி.யின் சொந்தப் பொறியாளர்கள் வரிக்கு வரி சரிபார்ப்பார்கள். கணக்கு இடித்தால் திருப்பி அனுப்புவார்கள். ஒவ்வொரு திருப்பலும் உங்களுக்கு மாதக்கணக்கில் இழப்பு. நான் இருந்த ஓர் ஆலையில், பெயர் வேண்டாம், இதே தவறு நடந்தது. முதல் அறிக்கையை அவசரமாக ஒருவரிடம் வாங்கினோம். அவர் மொட்டைமாடியில் கேன்டீனுக்காகப் போட்டிருந்த தகரக் கொட்டகையின் எடையையே கணக்கில் சேர்க்கவில்லை. அது திரும்பி வந்தது. இரண்டாவது முறை அடித்தளத்தின் மண் பரிசோதனை இல்லை. மறுபடியும் திரும்பியது. மூன்றாவது முறை முழுதாகச் செய்வதற்கு ஆன செலவு, முதலிலேயே ஒழுங்காகச் செய்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிடக் குறைவில்லை. போன மாதங்கள்தான் திரும்பி வரவில்லை. மொட்டைமாடிக் கொட்டகை நம் ஊரிலும் எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறது என்பதால் அது ஒரு சுமையாகவே நம் கண்ணுக்குப் படுவதில்லை.

மதிப்பீடு தூண்களை வலுப்படுத்தச் சொன்னால், வரைபடம் ஒப்புதல் ஆன பிறகே வேலையைத் தொடங்குங்கள். தூணைச் சுற்றிப் புதுக் கம்பிக்கூடு கட்டிக் கான்கிரீட் ஊற்றும் ஜாக்கெட்டிங் வேலை வெளியிலிருந்து பார்க்க எளிதாகத் தெரியும். சுமையை இறக்கி முட்டு கொடுக்க வேண்டும்; பூச்சை முழுவதும் எடுத்துப் பழைய கான்கிரீட்டைக் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும்; துளையிட்டு, தூசியைக் காற்றடித்து வெளியேற்றி, ரசாயனப் பசை விட்டுக் கம்பி நட வேண்டும். துளையில் தூசி நின்றுவிட்டால் அந்தக் கம்பியைக் கையாலேயே உருவிவிடலாம். நான் உருவிக் காட்டியிருக்கிறேன். இன்னொரு பெரும்பிழை, புது ஜாக்கெட்டைத் தரை டைல்ஸ் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்திவிடுவது. தரையைத் தோண்டி அடித்தளத்தோடு பிணைக்காத ஜாக்கெட், கணக்கில் மட்டுமே இருக்கும், தூணுக்குத் தோள் கொடுக்காது. ஒவ்வொரு கட்டத்தையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அந்தப் படங்கள்தான் சாட்சி.

தீப் பாதுகாப்பில் பணம் ஆகும், ஆனால் யோசிக்க அதிகமில்லை. கொலாப்சிபிள் கேட், தாழ்ப்பாள், பூட்டு இவை வெளியேறும் வழியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. படிக்கட்டுகள் தீயும் புகையும் புகாத சுவருக்குள், சான்றிதழ் பெற்ற, தானே மூடிக்கொள்ளும் கதவுகளோடு இருக்க வேண்டும். எச்சரிக்கை மணி எல்லா மாடியிலும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். சரக்கு திருட்டுப் போய்விடும் என்று கதவைப் பூட்டுகிற பழக்கம் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. ஆலைத் தீயில் ஆட்கள் உள்ளே சிக்கிக்கொள்வது பெரும்பாலும் அந்தப் பூட்டினால்தான். மின்சாரத்தில், பேனல் போர்டுக்குள் பஞ்சுத் தூசி படியாமல் இருப்பதும், திறந்த இணைப்புகள் இல்லாமல் இருப்பதும், கட்டடத்தின் உண்மையான மின்வரைபடம் கையில் இருப்பதும் முதன்மையானவை.

பக்கத்து ஆலையில் கொடுத்துத் தைக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். பையருக்குச் சொல்லாமல் துணை ஒப்பந்தத்தில் தைத்து, பட்டியலில் இருக்கும் வேறோர் ஆலையின் பெயரில் அனுப்பினால், அது வெளிப்படும் நாளில் உங்களோடு அந்த ஆலையும் சேர்ந்து விழும். உங்கள் சித்தப்பாவின் மற்ற யூனிட்டுகளின் மேலும் சந்தேகம் படரும். பையரிடம் எழுதிக் கேட்டு, அவர் ஒப்புக்கொண்ட, ஆய்வுக்கு உட்பட்ட ஆலையில் மட்டும் செய்யுங்கள். இன்னொன்றும் கேட்காமலேயே சொல்கிறேன். திருத்த வேலைக்காக மாடியை மூடும் காலத்தில் தொழிலாளர் சம்பளத்தை நிறுத்த வேண்டாம். 2013 ஒப்பந்தத்திலேயே, திருத்தத்துக்காக மூடும்போது ஆறு மாதம் வரை வேலையும் வருமானமும் தொடர வேண்டும் என்ற விதி இருந்தது. விதி இருக்கட்டும், அந்தப் பெண்கள் ரங்க்பூரிலிருந்தும் மைமன்சிங்கிலிருந்தும் வந்து ஒற்றை அறையில் நான்கு பேராகத் தங்கி வேலை செய்கிறவர்கள், ஒரு மாதச் சம்பளம் நின்றால் வாடகை நின்றுவிடும். சம்பளம் தொடர்ந்தால் அவர்கள் ஆலையிலேயே இருப்பார்கள். மீண்டும் ஆர்டர் வரும்போது தேர்ந்த கைகள் உங்களிடம் இருக்கும்.

பையர் விஷயத்துக்கு வருகிறேன். வேலை முழுதும் முடிந்தாலும், அந்தப் பட்டியலில் இருக்கும் ஒரு பிராண்டு உங்கள் ஆலையை மறுபடி ஏற்க முன்வர வேண்டும். அதற்கான பேச்சை வேலை முடிந்த பிறகு தொடங்கினால் காலம் வீணாகும். மாதம் ஒருமுறை, நடந்த பணியின் படங்களையும் செலவையும் பழைய பையர்களிடம் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு அனுப்பிக்கொண்டே இருங்கள். பதில் வராவிட்டாலும் அனுப்புங்கள். எத்தனை மாதமாகும் என்பதற்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது, தீயும் மின்சாரமும் மட்டும் என்றால் சில மாதங்கள். தூண்களும் அடித்தளமும் சேர்ந்தால், இயங்கிக்கொண்டிருக்கும் ஆறு மாடி ஆலைக்கு ஓராண்டுக்குக் குறைந்து முடிந்ததை நான் பார்த்ததில்லை. கொட்டிய கான்கிரீட் கணக்கிட்ட வலிமை பெறுவதற்கே 28 நாள் வேண்டும் அல்லவா?

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். அவர்களுக்கு 2011ஐ நினைவூட்டுங்கள். நொய்யலில் சாயக்கழிவு கலப்பது நிற்கவில்லை என்று அந்த ஆண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன, ஊரே நின்றது, வேலை தேடி ஆட்கள் வெளியூர் போனார்கள். திரும்பத் திறந்தது எப்படி? மனு போட்டவர்கள் பலர், ஆனால் திறந்தவை, ஒரு சொட்டுக் கழிவையும் வெளியே விடாமல் சுத்திகரித்துக் காட்டிய நிலையங்கள்தான். சோதனை ஓட்டம் ஓட்டி, அதிகாரிகள் வந்து அளந்து பார்த்து, பகுதி பகுதியாகத்தான் அனுமதி கிடைத்தது. இன்றைக்கு அதே ஊர்க்காரர்கள் "எங்கள் சாயத்தில் கழிவுநீர் வெளியேறுவதில்லை" என்று வெளிநாட்டு பையரிடம் பெருமையாகச் சொல்கிறார்கள். உங்கள் சித்தப்பா அந்த நாட்களை நேரில் பார்த்தவர். அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாகச் சரிபார்ப்பு நாளைப் பற்றி. நான் சொன்ன அந்த ஆலைக்கு மறுஆய்வு வந்தபோது, பொறியாளர் தூண்களை அளந்தார், கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்தார், ஃபைல்களைப் புரட்டினார். பிறகு துணி ஸ்டோருக்குள் போய், அங்கே ரோல் தூக்கிக்கொண்டிருந்த பையனிடம் எங்களில் யாரையும் பேசவிடாமல் வங்க மொழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இங்கே எவ்வளவு உயரம் வரை அடுக்குவாய்?" ஒவ்வொரு தளமும் எவ்வளவு சுமை தாங்கும் என்று கணக்கிட்டு, சுவரில் இடுப்பு உயரத்தில் மஞ்சள் கோடு அடித்திருந்தோம். அந்தப் பையன் தோளிலிருந்த ரோலை இறக்கி வைத்துவிட்டு, கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் காட்டினான். "இதற்கு மேலே மேனேஜர் சொன்னாலும் வைக்கமாட்டேன்" என்றான். பொறியாளர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அடுத்த மாடிக்கு ஏறினார். உங்கள் ஸ்டோரில் அப்படி ஒரு கோடு இருக்கிறதா என்று நாளைக்குக் கேட்டு எனக்கு எழுதுங்கள் தம்பி. கூடவே பூச்சு எடுத்த பிறகு அந்தத் தூணின் படத்தையும் அனுப்பி வையுங்கள்.